மஞ்சள் சட்டையும் அச்சகச் சட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போராட்ட வாசகம் எழுதிய உடைகளுக்கு அரசுகள் தடை போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பொது அமைதிக்காக ஒரு சட்டையைக் கழற்றச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நிறையவே குறையும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் 2015-ல் நடந்ததைப் பாருங்கள். நேர்மையான தேர்தல் வேண்டும் என்று போராடிய பெர்சே இயக்கத்தின் நிறம் மஞ்சள். அதன் நான்காவது பேரணி ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் நடப்பதாக இருந்தது. அதற்குச் சற்று முன்பு, ‘பெர்சே 4’ என்று எழுதிய மஞ்சள் உடைகளை உள்துறை அமைச்சு தடை செய்தது. அதற்குப் பயன்படுத்தியது 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். பத்திரிகையையும் புத்தகத்தையும் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது! வெறும் துணி என்று நினைத்திருந்தால் வெளியீட்டுச் சட்டம் எதற்கு? சட்டை பேசுகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்புறம் ‘சட்டைதானே, கழற்றினால் என்ன’ என்று நம்மிடம் எப்படிக் கேட்க முடியும்? தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் மஞ்சள் அணிந்து கோலாலம்பூரில் கூடினார்கள். கெட்டுவிடும் என்று சொல்லப்பட்ட பொது அமைதி கெடவில்லை. பேரணி அமைதியாகவே முடிந்தது.

‘கெட்டுவிடுமோ’ என்ற இந்தப் பயத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-லேயே எடைபோட்டுப் பார்த்திருக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த மாணவர்களை 1965-ல் டெமாய்ன் நகரப் பள்ளிகள் இடைநீக்கம் செய்தன. அவர்களில் ஒரு சிறுமிக்கு வயது 13. குழப்பம் வரலாம் என்ற பொதுவான அச்சம் மட்டுமே கருத்துரிமையைப் பறிக்கப் போதாது என்று ஏழு நீதிபதிகள் மாணவர்கள் பக்கம் நின்றார்கள். இருவர் மட்டுமே மாறுபட்டார்கள்.

எல்லா உடைத் தடையும் தவறு என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 1936-ல் அரசியல் சீருடைகளைத் தடை செய்தார்கள். கருஞ்சட்டை அணிந்த பாசிஸ்டுகள் படைபோல அணிவகுத்து யூதர்கள் வாழும் தெருக்களை மிரட்டிய காலம் அது. அங்கே உடை ஒரு படையின் அடையாளமாக இருந்தது, எதிரே நின்றவர்களுக்கு ஆபத்தும் கண்முன்னே இருந்தது. அது சரி. ஆனால் ஒரு கோரிக்கையை நெஞ்சில் எழுதிக்கொண்டு தனியாக நடந்து போகிறவரால் யாருக்கு ஆபத்து? ஹாங்காங்கில் 2024-ல், பழைய போராட்ட முழக்கம் எழுதிய டி-சர்ட் அணிந்ததற்காக ஓர் இளைஞருக்கு 14 மாதச் சிறை. அந்த ஆண்டு வந்த புதிய தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற முதல் ஆள் அவர்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

மேடையும் மைக்கும் பத்திரிகைப் பத்தியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்கூட ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்க முடியும். அந்த வழியையும் அடைத்துவிட்டால் அவர் எதைக் கொண்டு பேசுவார்?

இன்னொன்று. ஆணையில் என்ன வாசகம் இருந்தாலும், தெருவில் அதற்குப் பொருள் சொல்வது பணியில் இருக்கும் காவலர்தான். எந்த மஞ்சள் போராட்டம், எந்த மஞ்சள் வெறும் நிறம் என்பதை அவர் ஒருவரே அந்த நிமிடத்தில் தீர்மானிப்பார். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. அடுத்த முறை எழுதும்போது, இப்படித் தடுக்கப்பட்டவர்கள் ஓரிருவரையாவது பார்த்துப் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்