எதை மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்: ரீமேப் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் இன்ஜினின் கம்ப்யூட்டரில் உள்ள சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டும் ரீமேப் வேலையைச் செய்து தரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

நான் இன்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக். நீங்கள் ரீமேப் செய்து அனுப்பும் கார்களில் சில, கொஞ்ச காலம் கழித்து என்னிடம் வருகின்றன. அப்போது நடப்பதைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ரீமேப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த இன்ஜினில் பொறுப்பாகச் செய்த ரீமேப் நல்ல வேலைதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தயங்காமல் இழுக்கும் காரை ஓட்டுவதில் உள்ள சுகம் எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியுவில் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று கார்க்காரருக்கு எழுதிக் கொடுங்கள். அதில் முதலில் இருந்த பழைய சாஃப்ட்வேர் ஃபைலையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு டீசல் கார் வருகிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. ஸ்கேனரை மாட்டினால் ஒரு எரர் கோட்கூட இல்லை. செக் இன்ஜின் லைட்டும் எரியவில்லை. சந்தேகம் வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கிறேன். கழற்றிய கொஞ்ச நேரத்தில் கோட் பதிவாகியிருக்க வேண்டும். ஸ்கேனர் அப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வின் கனெக்டரைக் கழற்றினாலும் அதே கதை. அப்போதுதான் புரிகிறது: யாரோ இஜிஆரை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காக வரும் கோட்களை அணைக்கப் போய், மற்ற கோட்களையும் சேர்த்து அணைத்துவிட்டார்கள். நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு வைத்தியரிடம் அனுப்பியதைப் போல அந்தக் கார் என் முன்னால் நிற்கிறது.

கார்க்காரரிடம் கேட்டால், "பவர் கூட்டித் தந்தாங்க, அவ்வளவுதான்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. எரர் கோட் வந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் முடியும் வேலை. இப்போது இன்ஜெக்டர், டர்போ, அது அழுத்திய காற்றை (பூஸ்ட்) கொண்டுபோகும் குழாய் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கும் அவர்தான் காசு கொடுக்கிறார்.

"கம்பெனிக்காரன் பவரைப் பூட்டி வைத்திருக்கிறான், நாங்கள் திறந்துவிடுகிறோம்" என்று விளம்பரம் செய்கிறீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரே இன்ஜினை இரண்டு மூன்று பவர் அளவுகளில் விற்கிறார்கள். சிலவற்றில் வித்தியாசம் பெரும்பாலும் சாஃப்ட்வேரில்தான். ஆனால் கம்பெனி விட்டுவைத்த இடைவெளி எல்லாமே வீணான இடைவெளி இல்லை. மட்டமான பெட்ரோல், கடும் வெயில், தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம், மலைப்பாதை என்று எல்லாவற்றையும் அந்த ஒரே ஃபைல் தாங்க வேண்டும்.

மலைப்பாதையையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1 பார். 2000 மீட்டர் உயரத்தில் 0.8 பார்தான். டர்போவுக்கு அப்புறம் மொத்த அழுத்தம் 2.2 பார் வேண்டும் என்று மேப்பில், அதாவது இசியு பார்த்து நடக்கும் எண் அட்டவணையில், எழுதியிருந்தால், கீழே காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். மலையில் அதே எண்ணை எட்ட 2.75 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். வெளிக் காற்றழுத்தம் குறையக் குறைய பூஸ்டையும் குறைக்கிற மேப் ஒன்று கம்பெனி ஃபைலில் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டவரின் கார் மலையில் கொஞ்சம் மந்தமாக ஏறும், ஆனால் ஏறிவிடும். எந்த உயரத்திலும் பூஸ்ட் குறையாதபடி அதைச் சமமாக்கிவிட்டவரின் கார், பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் அருமையான கிராஃப் தரும். ஆனால் மலையில் அதன் டர்போ தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிவிடும். உங்கள் கடையில் யாரும் மலை ஏறிப் பார்ப்பதில்லை என்பதால் இது உங்கள் கண்ணில் படாது.

இன்னொன்று டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை. பவரைக் காட்டும் கிலோவாட் என்பது, நியூட்டன் மீட்டரில் சொல்லும் டார்க்கை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 9549ஆல் வகுத்தால் வருவது. 1750 ஆர்பிஎம்மில் 50 நியூட்டன் மீட்டர் கூட்டினால் கிடைப்பது வெறும் 9 கிலோவாட். 4000 ஆர்பிஎம்மில் அதே 50ஐக் கூட்டினால் 21 கிலோவாட். ஆனாலும் பலர் கீழ் ஆர்பிஎம்மில்தான் கொட்டுகிறார்கள், ஏனென்றால் ஓட்டிப் பார்க்கும் முதல் நிமிடத்தில் முதுகில் தெரிவது அதுதான். கிளட்சும், டூயல் மாஸ் ஃப்ளைவீலும், கனெக்டிங் ராடும் அடி வாங்குவதும் அங்கேதான். டர்போ வைத்த டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் சுமை ஏறும்போது பிளக் பொறி விடும் முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அது நடந்தால் பிஸ்டன் உடையலாம்.

டிபிஎஃப் விஷயம் தனி. புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டரை வெட்டி எறிந்துவிட்டு, சாஃப்ட்வேரில் அது இருப்பதுபோலக் காட்டுவதை நான் ட்யூனிங் என்று ஏற்க மாட்டேன். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன்மீது குற்றம் சாட்டியது நினைவிருக்கும். சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதைப் படித்துவிட்டு நாமெல்லாம் கோபப்பட்டோம். ஒரு பெரிய கம்பெனி மறைத்தால் மோசடி என்றால், சின்னக் கடை மறைத்தாலும் அப்படித்தான். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

உங்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே தெரியும். ரீமேப்புக்கு முன்னால் காரை ஓட்டி சென்சார் அளவுகளைப் பதிவு செய்து லாக் எடுப்பவர்கள், கிளட்ச் நழுவும் காரைத் தொட மாட்டேன் என்று திருப்பி அனுப்புபவர்கள், புது ஃபைலை இசியுவில் ஏற்றும்போது (ஃப்ளாஷ்) வோல்டேஜ் விழுந்து இசியு செத்துவிடாமலிருக்க பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் மாட்டுபவர்கள். இவர்கள் செய்த கார் என்னிடம் வந்தால் எனக்கு வேலை சுலபம். அவர்களுக்கு இந்த மடல் தேவையே இல்லை. மற்றவர்களுக்குத்தான்.

எழுதிக் கொடுங்கள் என்றால் பெரிய அறிக்கை கேட்கவில்லை. ஒரு தாள் போதும். எந்த மேப்களைத் தொட்டீர்கள், பூஸ்டும் டார்க் லிமிட்டும் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்த எரர் கோட்களை அணைத்தீர்கள், எந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்தீர்கள். பழைய ஃபைல் அந்தக் காரிலிருந்தே எடுத்ததா, அல்லது சாஃப்ட்வேர் எண்ணை வைத்து சர்வரிலிருந்து வந்ததா என்பதையும் குறியுங்கள். இரண்டும் ஒன்றல்ல. கம்பெனி சர்வீஸில் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும் என்பதையும், ஃபைல் மாறியதை அவர்களால் கண்டுபிடிக்க முடியும், வாரண்டி போகலாம் என்பதையும் வாயாலாவது சொல்லிவிடுங்கள். ஃபைல் உங்கள் உழைப்பு, அதைக் காப்பியடித்துவிடுவார்கள் என்று பயப்படுவது நியாயம்தான். நான் கேட்பது உங்கள் புது ஃபைலை இல்லை. கார்க்காரருக்கு ஏற்கெனவே சொந்தமான பழையதை மட்டும்தான்.

ஏற்கெனவே செய்து அனுப்பிய கார்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஒரு வேண்டுகோள். கார்க்காரர் யாராவது திரும்பி வந்து, அணைத்த கோட்களைத் திரும்ப இயக்கித் தரச் சொன்னால், காசு கேட்காமல் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு அடுத்தபடியாக அந்தக் கார்களின் பானெட்டைத் திறக்கும் ஒரு மெக்கானிக்