புருனெல்லா ஸ்கேல்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 அக்டோபரில் தன் 93 வயதில் காலமான பிரிட்டிஷ் நடிகை புருனெல்லா ஸ்கேல்ஸ் பற்றி நான்கே வரிகள் போட்டிருந்தீர்கள். போதவில்லை.

'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் மொத்தமே 12 பகுதிகள்தான், 1975இல் ஆறு, 1979இல் ஆறு. அதில் ஓட்டல்காரரின் மனைவி சிபிலாக வருவார். கொண்டையை உயர்த்திக் கட்டி, தொலைபேசியைக் காதில் வைத்தபடி, எதிர்முனையில் தோழி ஏதோ சொல்லச் சொல்ல "தெரியும், எனக்குத் தெரியும்" என்று ஒரே வார்த்தையை ஒவ்வொரு தடவையும் வேறு குரலில் இழுப்பார் பாருங்கள், அந்தத் தோழியை நாம் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவள் கதை முழுக்க நமக்குப் புரிந்துவிடும். ஓட்டல்காரராக வந்து கத்திக் குதிக்கும் ஜான் கிளீஸுக்கு எதிரே அசையாமல் நின்று சிரிப்பை வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை.

சரி, அதோடு முடிந்ததா? 1988இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் இரண்டாம் எலிசபெத் அரசியாக நடித்தார், விக்டோரியா அரசியாகத் தனிநபர் நாடகத்தைப் பல வருடம் ஊர் ஊராகக் கொண்டு போனார். அப்புறம் மறதி நோய் வந்தது. ஒளிக்கவில்லை. கணவர் டிமதி வெஸ்ட்டுடன் கால்வாய்ப் படகில் பயணம் செய்த தொலைக்காட்சித் தொடரில் அந்த மறதியோடேயே நம் முன்னால் வந்தார், அவர் படகை ஓட்ட இவர் கரையில் இறங்கி மதகுக் கதவைத் தள்ளுவார். கணவர் 2024 நவம்பரில் போய்விட்டார்.

ஞாயிறு மலரில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி