அந்த நடுப்பின்னைத் திருப்பி வையுங்கள்: ஒரு கேமரா கம்பெனிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேமரா கம்பெனியாருக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். பெயர் போட்டு எழுதினால் வம்பு வரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதனால் இதில் உங்கள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. விஷயம் உங்களுக்குத் தெரியும்: விலை குறைந்த கேமராவில் ஃபிளாஷ் மாட்டுகிற இடத்திலிருந்து நீங்கள் எடுத்துவிட்ட நடுப்பின்.

நாகர்கோவில் கேமராக் கடைகளில் இப்போது ஒரே பேச்சு. நீங்கள் புதிதாக ஒரு ஆரம்பநிலை எஸ்.எல்.ஆர். கொண்டுவரப் போகிறீர்களாம், லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி வைத்துக் கண்ணுக்குக் காட்டுகிற வகை. அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வந்த பிறகு கண்ணாடி வைத்த கேமராவை எவன் செய்வான் என்று சிரிக்கிறவர்களும் உண்டு. 2022-ல் டி3500 என்ற ஆரம்பநிலை கேமராவை நிக்கான் நிறுத்தியபோதே இந்த வகைக்குக் காரியம் முடிந்தது என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த டி3500-க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்று கணக்குச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்குக் கரண்டே வேண்டாம். காலையில் பெண் வீட்டில் தொடங்கி ராத்திரி பந்தி வரைக்கும் ஓடுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

புதுசில் என்னென்ன இருக்கும் என்று ஆளுக்கொரு ஜோசியம். மெகாபிக்சல் 24-ஐத் தாண்டாது என்பது என் கணக்கு. மேல்மட்ட கேமராவில் பழசான சென்சார், அதாவது படம் பதிகிற சில்லு, அதுதானே எப்போதும் எங்களுக்கு இறங்கி வரும்? கேமரா குறிவைத்துத் தெளிவாக்குகிற 9 ஃபோகஸ் புள்ளி 45 ஆகும் என்கிறார் ஒரு கடைக்காரர். 4கே வீடியோ வரும், ஆனால் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் வரும் என்கிறார் இன்னொருவர். யு.எஸ்.பி. சி சார்ஜிங் மட்டும் நிச்சயம். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புது போனுக்கும் டிஜிட்டல் கேமராவுக்கும் அது கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது.

சரி, எல்லாம் வரட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில், ஹாட் ஷூவின் நடுவில், ஒரு பின் இருந்ததே. அது வருமா?

இதன் வேலை உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷட்டர் முழுசாகத் திறந்ததும் நடுப்பின்னுக்கும் ஓரத்துத் தகட்டுக்கும் இணைப்பு ஏற்படும், ஃபிளாஷ் அடிக்கும். அவ்வளவுதான். எந்தக் கம்பெனி ஃபிளாஷுக்கும், தள்ளி நிற்கிற ஃபிளாஷை வயரில்லாமல் அடிக்க வைக்கும் எந்த மலிவான ரேடியோ டிரிக்கருக்கும் புரிகிற ஒரே சொல் அது. அந்த ஷூவுக்கு ஐ.எஸ்.ஓ. 518 என்று உலகத் தரமே இருக்கிறது. நடுப்பின்னைச் சுற்றியுள்ள சின்னப் பின்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அவை அவரவர் பேசுகிற தனிப் பாஷை. நீங்கள் உங்கள் பாஷையை வைத்துக்கொண்டு பொதுச்சொல்லைப் பிடுங்கிவிட்டீர்கள்.

போன ஐப்பசியில் கடற்கரை ஊர் ஒன்றில் கோயில் கல்யாணம். என் பழைய கேமராவை உப்புக்காற்று தின்று தீர்த்திருந்தது. லென்ஸில் பூஞ்சை, ஷட்டரும் போய்விட்டது. தவணையில் உங்கள் புதுக் கேமராவை வாங்கி ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கோயிலுக்குள் பீடத்துப் பக்கம் மட்டும்தான் வெளிச்சம். கூட வந்த பையன் குடையும் ஃபிளாஷுமாகத் தூணோரம் நின்றான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருகிறார்கள். அமுக்கினேன். டிரிக்கரில் பச்சை மின்னுகிறது, தூணோரம் இருட்டு. பேட்டரியை மாற்றினேன். சேனலைப் பார்த்தேன். டிரிக்கரையே மாற்றினேன். சட்டை நுனியால் ஹாட் ஷூவைத் துடைத்தேன். துடைக்கும்போதுகூட நடுவில் ஒன்றும் இல்லை என்பது கண்ணில் படவில்லை. இல்லாததை யார் தேடுவார்கள்? பெண்ணின் மாமா பின்னாலிருந்து, "என்ன மக்கா, லைட்டு கத்தலியே?" என்றார். எங்கள் ஊரில் விளக்கு எரியாது, கத்தும். அன்றைக்குக் கத்தியது நான்தான், வாய்க்குள்ளே.

வாங்கின அன்றே மாட்டிப் பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இத்தனை வருஷத்தில் கைமாறி வந்த எல்லாக் கேமராவிலும் மாட்டினவுடன் வேலை செய்த சாமான் அது. புது வீட்டுக்குக் குடிபோகிறவன் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றா சோதிப்பான்?

கேமராவோடு இருக்கிற குட்டி ஃபிளாஷைத் திறந்துவிட்டு, தூணோரத்து ஃபிளாஷை ஸ்லேவில் போட்டேன். ஒரு வெளிச்சத்தைப் பார்த்து இன்னொன்று அடிக்கும், தெரிந்த வித்தைதான். அடித்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராஃபர் அடித்தபோதெல்லாம் சேர்ந்து அடித்தது. அவர் ஒரு கணக்கில் வள்ளல், நொடிக்கு ஒரு படம். அவருக்கு என் செலவில் வெளிச்சம். தாலி கட்டுகிற நேரம் அவர் முந்திக்கொண்டார், என் ஃபிளாஷ் அவருக்கு அடித்துவிட்டுச் சார்ஜ் ஏற விசில் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்தது குட்டி ஃபிளாஷில் நெற்றி மட்டும் பளபளக்கும் ஒரு படம்.

அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கலை என்று பெயர் சொல்லி ஆல்பத்தில் வைத்தேன். பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சேல நல்ல அரக்குக் கலராக்கும் மக்கா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பணத்தையும் குறைக்காமல் தந்தார்கள். குறைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சர்வீஸ் சென்டரில், "இது பழுது இல்லை, டிசைன்" என்றார்கள். உங்களுக்கு மெயில் எழுதினேன். எங்கள் ஜெனியூன் ஆக்சஸரீஸைப் பயன்படுத்துங்கள் என்று பதில். விசாரித்தேன். நீங்கள் சொன்ன டிரான்ஸ்மிட்டரும் அதற்கேற்ற ஃபிளாஷும் சேர்ந்தால் கேமராவைவிட விலை அதிகம். அந்தப் பணம் இருந்தால் நான் எதற்கு ஆரம்பநிலையில் நிற்கிறேன்? வயர் போட்டு இணைக்கலாம் என்றால் அதற்கான சாக்கெட்டும் மேல்மட்ட கேமராக்காரர்களுக்கு மட்டும்தான்.

பழைய ஃபிளாஷ்களில் டிரிக்கர் வோல்டேஜ், அதாவது ஃபிளாஷிலிருந்து அந்தப் பின்னுக்கு வரும் மின்னழுத்தம், நூறு, இருநூறு என்று இருக்கும், கேமராவைச் சுட்டுவிடும் என்று நீங்கள் காரணம் சொல்லலாம். உண்மைதான். அதற்கு மேனுவலில் ஒரு வரி எழுதினால் போதாதா? அதே பழைய ஃபிளாஷை உங்கள் விலை உயர்ந்த கேமராக்களிலும் மாட்டுகிறவர்கள் உண்டே. அவற்றில் நடுப்பின் பத்திரமாக இருக்கிறதே, அது எப்படி?

உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்தத் தொழிலே எங்களிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. நிக்கான் டி3300-ல் மைக் துளை இருந்தது, டி3400-ல் காணோம். சென்சார் தூசியைத் தானே உதறும் வசதியும் அதோடு போயிற்று. 2018-ல் வந்த கேனான் 3000டி-யில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக்; கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை அவரவர் பார்வைக்கு ஏற்றபடி திருத்தும் சக்கரமும் கிடையாது. மூக்குக்கண்ணாடி போட்டவன் விலை குறைந்த கேமரா வாங்கக் கூடாது போலிருக்கிறது. ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். 2003-ல் வந்த கேனான் 300டி. அதில் 6 மெகாபிக்சல்தான், ஆனால் நடுப்பின் இருந்தது. 24 மெகாபிக்சலுக்கு வளர்ந்த பிறகு ஒரு துளி உலோகத்துக்கு இடமில்லாமல் போய்விட்டதா? சார்ஜிங் துளைக்கு ஐரோப்பா சட்டம் போட்ட மாதிரி இதற்கும் போடச் சொல்லி நான் பிரசல்ஸுக்கு மனு அனுப்பட்டுமா? எங்கள் ஊர் தபால் நிலையத்தில் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் கேமராவில் மற்றபடி எனக்குக் குறை இல்லை. முட்டத்துப் பாறையில் சாயங்கால வெயிலில் அது காட்டுகிற நிறத்தை நான் குறை சொன்னால் அது பாவம்.

4கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 45 புள்ளி வேண்டாம், 9 போதும். புளூடூத்தை நான் திறந்ததே இல்லை. வரப்போகும் கேமராவில் நடுப்பின்னை மட்டும் தயவுசெய்து திருப்பி வையுங்கள். வைக்க மனமில்லை என்றால் பெட்டியின் மேலேயே, மெகாபிக்சலைப் போடுகிற அதே பெரிய எழுத்தில், நடுப்பின் கிடையாது என்று அச்சடித்துவிடுங்கள். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, இன்னொருவனாவது தப்பித்துக்கொள்வான்.

பதிலை எந்தப் பாஷையில் எழுதினாலும் வாசிக்க ஆள் இருக்கிறது. ஜெனியூன் ஆக்சஸரீஸ் என்ற வார்த்தை மட்டும் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தவணை இன்னும் கட்டி முடிக்காத ஒரு கல்யாண போட்டோகிராஃபர்,
கன்னியாகுமரி மாவட்டம்.