நூற்பட்டியலில் எழுத்தாளர் பெயர்களைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கிளை நூலக வாசகர்கள்

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மைய நூலகம்

பொருள்: கணினிப் பட்டியலில் எழுத்தாளர் பெயர்ப் பதிவைச் சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தில் நூற்பட்டியல் அட்டைகள் வைத்திருந்த பெட்டியை எடுத்துவிட்டுக் கணினி வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘புதுமைப்பித்தன்’ என்று தட்டினாள். இரண்டு புத்தகம்தான் வந்தது. நூலகர் அம்மா நேரே அலமாரிக்குப் போய் ஐந்து எடுத்து வந்தார். விடுபட்ட மூன்றில் இரண்டு ‘விருத்தாசலம்’ என்ற இயற்பெயரில் கிடந்தன. இன்னொன்று வெறும் ‘சொ’ என்ற எழுத்தின் கீழ். பதிவுப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியாக வேண்டுமே என்று தலைப்பெழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் நிற்பது ஊரும் அப்பா பெயரும்தானே. இந்தியாவுக்கே நூலகவியல் கற்றுத்தந்த எஸ். ஆர். ரங்கநாதனின் ‘எஸ்’ சீர்காழி, ‘ஆர்’ அவர் தந்தை ராமாமிருதம். அவரைச் சீர்காழி என்றா தேடுவோம்?

இது இன்று முளைத்த வழக்கு இல்லை. 1908-இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகள், இயற்பெயர் தெரிந்தால் அதையே பதிவின் தலைப்பாக்கச் சொன்னன. பல ஆண்டு வாதத்துக்குப் பிறகு, 1967 விதிகள் வாசகர் அறிந்த பெயருக்கு இடம் கொடுத்தன. 1961-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு நூற்பட்டியல் மாநாடும், பெயரின் எந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பது என்பதை எழுத்தாளரின் நாட்டு வழக்கே முடிவு செய்யட்டும் என்றது. ஆக, விதி நம் பக்கம்தான் இருக்கிறது. கட்டம்தான் குறுக்கே நிற்கிறது.

எனவே தமிழ்ப் பெயர்களில் எழுத்தாளரின் சொந்தப் பெயர் முதலிலும் தலைப்பெழுத்து பின்னாலும் வரும்படி பதியச் செய்ய வேண்டுகிறோம். புனைபெயரால் அறியப்பட்டவர்களை அந்தப் பெயரிலேயே வைத்து, இயற்பெயரில் தேடுபவருக்கு ‘காண்க’ குறிப்பு ஒன்று தர வேண்டும். அப்புறம், எல்லாப் பதிவும் ஒருங்குறி (யுனிகோடு) தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் பதிந்தால் ‘அழகிரிசாமி’யை எத்தனை விதமாகத்தான் தட்டிப் பார்ப்பது?

பணியாளர் குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். தாங்கள் அனுமதித்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் வந்து, அலமாரி அலமாரியாகத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, பிழைகளைக் குறித்து நூலகரிடம் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர்கள்