என்ன இல்லன்னு கேட்டது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தைப் பத்தி எந்தச் செய்தி வந்தாலும் வறட்சி, பின்தங்கின மாவட்டம், தண்ணியில்லாத காடுன்னுதான் ஆரம்பிக்குது, 2018-ல மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள்னு பட்டியல் போட்டப்பவும் தமிழ்நாட்டுல விருதுநகரோட நம்ம பேருதான் வந்துச்சு. கஷ்டம் இருக்கு, அதை இல்லன்னு சொல்லல. ஆனா கடற்கரை ஊருக்கு சர்வே எடுக்க வர்றவங்க கக்கூஸ் இருக்கா, கடன் எவ்வளவு, எத்தனாவது வரை படிச்சீங்கன்னு கேட்டுட்டு கிளம்பிர்றாங்க. உங்களுக்கு என்னென்ன தெரியும்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போன ஆளை நான் பாத்ததே இல்ல.

மகளிர் குழுவுக்கு கணக்கு எழுதுறவ நான், கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரோட பழக்கம் உண்டு. மரிக்கொழுந்துப் பாசி எங்க கிடைக்கும், கட்டக்கோரைப் பாசி எப்ப வளரும், எவ்வளவு விட்டு வச்சா திரும்ப முளைக்கும்னு அவங்களுக்கு அத்துப்படி. மரிக்கொழுந்துல அகர் எடுக்குறாங்க, கட்டக்கோரையில ஆல்ஜினேட் எடுக்குறாங்க, ரெண்டும் கெட்டியாக்குறதுக்குப் போடுற பொருள், அது ஐஸ்கிரீம், மருந்து, துணிக்குப் போடுற சாயம்னு எங்கெங்கயோ போகுது. பாசி அழிஞ்சிடக் கூடாதுன்னு மாசத்துல சில நாள்தான் போறதுன்னு அவங்களே பேசி கட்டுப்பாடு வச்சாங்க, அவங்கள்ல ஒருத்தரான பாம்பன் பக்கம் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல சீகாலஜிங்குற அமெரிக்க அமைப்பு விருதே குடுத்துச்சு. இப்பேர்ப்பட்டவங்களை உக்கார வச்சு தையல் பயிற்சி குடுத்துட்டுப் போனா எப்படிங்க? மிஷின் மூலையில கிடக்கு, அவங்க கடலுக்குத்தான் போறாங்க.

சிகாகோ பக்கம் ஜான் மெக்நைட், ஜான் கிரெட்ஸ்மன்னு ரெண்டு பேர் 1993-லயே இதைத்தான் எழுதினாங்க. ஏழை ஜனங்க இருக்குற ஏரியாவுல குறையை மட்டுமே எழுதிக்கிட்டிருந்தா அவங்களும் நம்மால ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிடுவாங்க, அதனால முதல்ல ஆளுங்களோட திறமை, ஊர்ச் சங்கம், பள்ளிக்கூடம், நிலம், கட்டடம்னு கையில இருக்குறதை எழுதுங்க, அப்புறம் ஒண்ணோட ஒண்ணைச் சேருங்கன்னாங்க. அடுக்களையில என்ன இருக்குன்னு பாக்காம கடைக்கு ஓடுற மாதிரிதான் நாம இப்ப பண்ணிக்கிட்டிருக்கோம்.

அந்தச் சேக்குற இடத்துலதான் தொழில் புத்தி வேணும். பாசிக்கு வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டா அவர் சொன்னதுதான் விலை. குழு சேமிப்புல இருந்து அந்த முன்பணத்தைக் குடுத்து, மணல்ல போடாம வலை விரிச்சுக் காயவச்சு, எல்லார் பாசியையும் ஒண்ணாச் சேத்து வித்தா விலையை நாமளும் பேசலாம். வச்சிருக்க இடம் வேணுமா, ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகு தடைக்காலத்துல மீன் ஏலக்கூடத்துல வேலை கம்மிதான, கேட்டுப் பாக்கலாமே. சேமிப்பு, கைப்பழக்கம், கூடம் எல்லாம் ஊர்லயே இருக்கு, சேத்துப் பாக்கத்தான் ஆள் இல்ல. பாம்பன்ல மீனவங்களுக்காக மீனவங்களே 2016-ல கடல் ஓசை ரேடியோவை ஆரம்பிச்சதும் இப்படித்தான்.

இதைச் சொன்னதும் அப்ப உங்க பாட்டை நீங்களே பாத்துக்கோங்கன்னு அரசாங்கம் ஒதுங்கிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல தேசியப் பூங்கா ஆனதுல இருந்து தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனா பிடிச்சிடுவாங்கன்ற பயம் இருக்கு, அதை எந்தத் தொழில் புத்தியும் தீக்காது, வனத்துறை இந்த அக்காமாரோட உக்காந்து பேசித்தான் தீக்கணும். குடிதண்ணிக்கும் அரசாங்கம்தான் வழி பண்ணணும்.

வர்ற கிராம சபையில எங்க ஊர்ல யாருக்கு என்ன தெரியும், எந்தக் கட்டடம் சும்மா கிடக்குன்னு ஒரு பட்டியல் வாசிக்கலாம்னு இருக்கோம். தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் ஒவ்வொரு ஊரும் இப்படி எழுதி அனுப்பினா வாரம் ஒரு ஊர்னு உங்க பேப்பர்ல போடுவீங்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரியபட்டினம்