பெல்ட் கட்டவில்லை என்று ஒரு மனக்குறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பட்டர்வொர்த் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு ஆசுபத்திரியில் சுகப்பிரசவம் ஆகிப் பத்து நாள். தாயும் பிள்ளையும் நலம். ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. "மிஸ்ஸி, பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு வயித்துல பெல்ட் கட்டி, பேப்பர் ஓடிக்கிட்டே இருந்துச்சாம். எம்மகளுக்கு மட்டும் அப்பப்ப ஒரு சின்னக் கருவிய வச்சுப் பாத்துட்டுப் போயிட்டாங்களாம். நீங்க பத்திரிகைக்கு எழுதுங்க."

சரி, எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்த கடிதமாக இது இருக்காது. அந்த பெல்ட்டும் சரி, சின்னக் கருவியும் சரி, இரண்டுமே வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்கத்தான். பெல்ட் அதைத் தொடர்ந்து பேப்பரில் பதிவு செய்யும்.

பிரசவ அறையிலேயே முப்பது வருடம் மிஸ்ஸியாக, அதாவது மருத்துவச்சியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தாய்க்கும் பிள்ளைக்கும் எந்தச் சிக்கலும் இல்லாமல் தானாக வலி எடுத்தால், பிள்ளையின் துடிப்பை இடைவெளி விட்டு விட்டுக் கேட்பதுதான் முறை. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை. முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு இருந்தால் இயல்பு. பெல்ட் கட்டித் தொடர்ந்து பதிவு செய்தால் பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வருவது குறைகிறது, உண்மைதான். ஆனால் சாவோ மூளைவாதமோ குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சிசேரியன்தான் கூடுகிறது. ரத்தக் கொதிப்பு, காய்ச்சல், ரத்தப்போக்கு, பிள்ளை உள்ளேயே மலம் கழித்துப் பனிக்குட நீர் நிறம் மாறுவது, வலி கூட்ட மருந்து ஏற்றுவது, இவையெல்லாம் வேறு கதை. அப்போது பெல்ட் வேண்டும். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அப்படி ஏதாவது இருந்திருக்கலாம்.

'சும்மா வச்சுப் பாத்துட்டு' என்றாரே, அது சும்மா இல்லை. முதலில் வயிற்றைத் தடவிப் பிள்ளையின் முதுகைத் தேட வேண்டும். ஒரு பக்கம் பலகைபோல் இருக்கும், மறுபக்கம் கைகால் முட்டும். சத்தம் முதுகுப் பக்கம்தான் தெளிவாகக் கேட்கும். தலை இறங்க இறங்க அந்த இடமும் கீழே இறங்கி நடுவுக்கு வரும். வலி வரும்போது கருப்பை இறுகி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் சற்றுக் குறைகிறது. தெம்பான பிள்ளை தாங்கிக்கொள்ளும். தாங்காத பிள்ளைக்கு, வலி விட்ட பிறகும் துடிப்பு மெதுவாகவே இருக்கும். அதனால்தான் வலி விட்டதும் கேட்கிறோம். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. துடிப்பு குறைகிற அந்த இறக்கம் மீதி 45 விநாடியில் ஒளிந்திருக்கலாம்.

நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். பயிற்சிக் காலம். முக்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் வயிற்றில் கருவியை வைத்தேன். 128. நிம்மதியாக எழுதப் போனேன். பின்னால் நின்ற சிஸ்டர், "இன்னொரு கை எங்க?" என்றார். தாயின் மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கேயும் 128. நான் கேட்டது தாயின் துடிப்பு! கருவியைக் கீழே நகர்த்தினோம், பிள்ளைக்கு 96தான். நல்லவேளை, அடுத்த வலியிலேயே பிள்ளை வெளியே வந்து வீறிட்டது. அன்றிலிருந்து ஒரு கை வயிற்றில், ஒரு கை மணிக்கட்டில்.

குறை சொல்வதாக இருந்தால் நான் ஆள் பற்றாக்குறையைச் சொல்வேன். 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டுமானால் அந்த நேரத்தில் ஒரு தாய்க்கு ஒரு மிஸ்ஸி கூடவே நிற்க வேண்டும். மூன்று கட்டிலுக்கு ஒருவர் ஓடினால் என்ன செய்வார்? எல்லோருக்கும் பெல்ட் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அப்புறம் அந்தப் பேப்பரை யார் பார்ப்பது?

அன்று மாலையே அந்த அம்மா வீட்டுக்குப் போய் மகளிடம் விசாரித்தேன். கடைசி ஒரு மணி நேரம் மிஸ்ஸி நகரவே இல்லையாம். "ஒவ்வொரு வலிக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க ஆன்ட்டி, ஆறுதலுக்கு" என்றாள்.

எங்கே பிடித்தார் என்று கேட்டேன். மணிக்கட்டைக் காட்டினாள்.

ஓய்வுபெற்ற மருத்துவச்சி,
பட்டர்வொர்த், பினாங்கு