தளை தட்டிய இடத்தைக் காட்டித் தந்தவர்களுக்கு

நம் வெண்பாக் குழுவின் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

என் வெண்பாக்கள் சிறு புத்தகமாக அச்சாகிவிட்டன. கட்டுகள் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கியதிலிருந்து இந்த மடலை எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. புத்தகத்தில் நன்றியுரைக்கு அரைப் பக்கம்தான் கிடைத்தது. உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு அரைப் பக்கம் எந்த மூலைக்கு? பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஊரையும் உறவையும் சொல்லியே கூப்பிடுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. தமிழ்ப் பாடத்தில் அசை (ஓசைத் துண்டு) பிரித்து, சீர் (அசைகள் சேர்ந்தது) பிரித்து, தேமா, புளிமா என்று வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கியதோடு, வெண்பா என்ற அந்தக் கட்டுப்பாடான பழைய பாவகைக்கும் எனக்கும் உறவு முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு வெண்பாவை நானே கட்டலாம், அதை வாசிக்க ஆள் இருக்கும் என்பதெல்லாம் நீங்கள் காட்டித் தெரிந்துகொண்டது.

முதல் வணக்கம் மன்னார்குடி ஐயாவுக்கு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வெள்ளிக்கிழமை இரவானால் ஈற்றடியை, அதாவது எல்லோரும் பாட்டை முடிக்க வேண்டிய கடைசி அடியை, போட்டுவிடுவார். எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு விடுமுறை. நான் எழுதுவதெல்லாம் அந்த ஞாயிறு காலையில்தான். ஐயா இலக்கணப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தவில்லை. 'மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கனி வரக் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு நாலில் ஒன்று. இவ்வளவுதான் அம்மா வெண்பா, மிச்சம் உங்கள் மனசில் இருக்கிறது' என்று குரல்பதிவில் சொன்னார். நேர், நிரை என்பவை அசையின் இரு வகை; மா, விளம், காய், கனி என்பவை சீர் முடியும் விதம். ஒரு சீரின் முடிவுக்கு ஏற்ற அசையில் அடுத்த சீர் தொடங்குவதுதான் தளை; பொருந்தாவிட்டால் 'தளை தட்டியது' என்போம். அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பு (செய்யுள் இலக்கண) நூலில் கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் கட்டிவைத்ததை, ஏட்டுத் தமிழ் புழங்காத எங்களைப் போன்றவர்கள் பஸ்ஸில் போகும்போது கேட்டு மனப்பாடம் செய்யும்படி ஆக்கித் தந்தார். இன்றைக்கும் என் போனில் அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்து, குழுவில் அந்த ஒரு விதியைக் கொண்டுவந்த மேட்டுப்பாளையம் அக்காவுக்கு. ஆரம்பத்தில் நம் குழுவிலும் எல்லா இடத்தையும் போலத்தான் நடந்தது. யார் எது போட்டாலும் 'அருமை', 'சூப்பர்', கும்பிடும் கை, பூங்கொத்து. அக்காதான் எழுதினார்: 'அருமைன்னு சொல்றவங்க எந்தச் சீர் அருமைன்னும் சேர்த்துச் சொல்லோணும். சரியில்லைன்னு சொல்றவங்க, சரியா வர்றதுக்கு ஒரு சீராவது எழுதிக் குடுக்கோணும்.' அன்றைக்குச் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பாராட்டக்கூடச் சட்டமா என்று இரண்டு பேர் வெளியேறியும் போனார்கள். ஆனால் இன்றைக்கு நம் குழுவில் பத்துப் பேர் தளை தட்டாமல் எழுதுகிறார்கள் என்றால் அந்த விதிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். வெறும் 'அருமை' ஒரு நாள் சந்தோஷத்தைத் தரும். 'மூன்றாம் அடியில் அந்த இரண்டாவது சீர் என்னை நிறுத்திவிட்டது' என்று ஒருவர் எழுதினால் வாரம் முழுக்க அடுத்த பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். என் பாட்டை முழுசாக வாசித்திருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் செக்கிங் மேசையில் ஒரு பீஸில் பிசிறோ, ஆயில் கறையோ, தையல் விட்ட இடமோ இருந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தான் திருப்பி அனுப்புவோம். மொத்தமாக 'சரியில்லை' என்று ஒதுக்கினால் தைத்தவருக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் என் பாட்டுகளுக்குச் செய்ததும் அதே வேலைதான்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தின் முதல் பாட்டாக நிற்பது அதுதான். ஐயா கொடுத்த ஈற்றடி 'மெய்யில் மிகுந்த வலி'. எனக்கு உடனே நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்கள்தான் கண்ணில் வந்தார்கள். மூன்றாம் அடியை 'கையூன்றி வந்து தோள்சாய ஓடியதே' என்று எழுதிப் போட்டேன். குவைத்தில் ஓட்டுநராக இருக்கும் தஞ்சாவூர்த் தம்பி முதலில் பிடித்தார்: 'அக்கா, வந்து என்பது தேமா. மாவுக்கு அடுத்து நிரை வரணும், தோள் நேராகிவிட்டது.' அவர் சொன்னபின், யாப்பைச் சரிபார்க்கும் அவலோகிதம் மென்பொருளில் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அந்த இடத்தைத்தான் காட்டியது. (அந்த மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தவருக்கும் இங்கேயே என் நன்றி.)

தளை தட்டியதைத் தம்பியும் சொன்னார், கணினியும் சொன்னது. மேட்டுப்பாளையம் அக்கா சொன்னது வேறு: 'கையூன்றித் தவழ்ந்து வர்ற குழந்தைக்குத் தோள் எட்டுமா அம்மிணி? அம்மா தூக்கினாத்தான் தோள். அவ அசந்து போய்த் தரையில உட்கார்ந்திருந்தா, குழந்தை தானா வந்து கழுத்தைக் கட்டிக்கும்.' மூன்று பிள்ளைகளை வளர்த்தவரின் கண் அது. அப்படித்தான் 'கழுத்தணைக்க' வந்தது. தளையும் சரியானது, மோனையும் (முதலெழுத்துப் பொருத்தம்) தானாக அமைந்தது. நான் எழுதாமல் விட்ட அந்தத் தாயின் அசதியும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

நூலோடு நள்ளிரவும் நொந்துழைத்த தாயவளைப்
பாலுக்குக் காத்திருந்த பச்சைமகன் - காலையிலே
கையூன்றி வந்து கழுத்தணைக்க ஓடியதே
மெய்யில் மிகுந்த வலி

இதிலும் 'கையூன்றி'க்கு 'மெய்யில்' எதுகையாகுமா, இரண்டாம் எழுத்து ஒன்றி வருமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ரீரங்கத்து மாமி, திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் வையத்து, செய்யும், பைய, நெய்யுண்ணோம், மையிட்டு என்று எதுகை வரிசையாக வருவதை எடுத்துக் காட்டினார். மார்கழி தோறும் கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட பாசுரம்தான். அதில் யாப்புக்கு விடை இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மாமி, அன்றைக்கு நீங்கள் அனுப்பிய அந்தச் சிறு குறிப்புக்குப் பிறகு, கேட்டுப் பழகிய பாட்டுகளையெல்லாம் மறுபடி காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன்.

அதே ஈற்றடிக்கு நம் குழுவில் வந்த இன்னொரு பாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் தங்கை எழுதிய குறள் வெண்பா:

பொய்யாய்ச் சிரித்துப் பொழுதெல்லாம் நிற்கின்றேன்
மெய்யில் மிகுந்த வலி

ஏழே சீர். நான் நாலடியில் சொன்னதை அவர் ஒன்றே முக்கால் அடியில் சொல்லிவிட்டார். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. அது வருவதற்கு முன்பு எழுதிய பாட்டு இது. அன்றைக்குக் குழுவில் நெடுநேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஐயா மட்டும் 'ஒரு சீரையும் தொடாதீர்கள்' என்று போட்டார். பாராட்டுவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

அந்தக் குறளுக்கு நடந்ததையும் மறக்க முடியாது. யாரோ அதை எடுத்து, பெயரை விட்டுவிட்டு, பூப்படத்தின் மேல் எழுதி, 'படித்ததில் பிடித்தது' என்று அனுப்ப, ஊரெல்லாம் சுற்றி அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வழியாக அவருக்கே திரும்பி வந்தது. அந்தத் தங்கை அழுதுவிட்டார். 'பரவாயில்லை, பத்துப் பேர் படிச்சாங்களே' என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நீங்கள் விடவில்லை. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் போய், சண்டை போடாமல், 'இதை எழுதியவர் இன்னார், பெயரோடு பகிருங்கள்' என்று மரியாதையாக எழுதினீர்கள். சிலர் மன்னிப்புக் கேட்டுப் பெயரைச் சேர்த்தார்கள். சேர்க்காதவர்களும் உண்டு. ஊர் அறியாத ஒருத்திக்காக இத்தனை பேர் இவ்வளவு நேரம் செலவழித்ததை நான் பார்த்தேன். இப்போது அவருக்கும் ஒரு புத்தகம் வர வேண்டும். பணத்தைப் பற்றி அவர் யோசிக்க வேண்டாம், என் புத்தகம் விற்ற காசிலிருந்து முதல் தொகை அதற்குத்தான்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியபோது நம் அந்தாதி தொடங்கியது. ஒருவர் பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலிருந்து அடுத்தவர் தொடங்க வேண்டும். வேலை இல்லை, வாரச் சம்பளம் இல்லை. வடமாநிலத் தோழிகள் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் என் முறை எப்போது வரும் என்று காத்திருந்தது எனக்குப் பெரிய பிடிமானம். முறை வந்தும் எழுத முடியாமல் போனவருக்காக வேறொருவர் எழுதி, 'இது அவருடைய இடம், நான் காத்து வைத்திருக்கிறேன்' என்று குறிப்புப் போட்டீர்களே, அந்தப் பண்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. அந்தாதி முழுவதையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

நேரில் கண்டிராத இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1998-இலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இலவசமாக வைத்திருக்கிற மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களே, நாலடியாரை நான் முழுசாக வாசித்தது உங்கள் உழைப்பில்தான். கம்பெனி வேனில், இருக்கும் வெளிச்சத்தில், போன் திரையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் அகராதியை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கும் சிகாகோ பல்கலைக்கழகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு சீருக்கு மாற்றுச் சொல் கிடைக்காமல் திண்டாடும்போதெல்லாம் அங்கேதான் போய் நிற்பேன்.

போனில் தமிழ் விசைப்பலகை போட்டுத் தந்து, கொம்பும் காலும் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லித் தந்த ஈரோட்டுத் தம்பி, மெய்ப்புப் பார்த்து ஒற்றுப் பிழை ஒன்று விடாமல் சிவப்பு மையில் சுழித்து அனுப்பிய யாழ்ப்பாணத்து அண்ணா, அச்சுக் கூலியில் பாதியை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, யார் எவ்வளவு தந்தார் என்று கடைசி வரை சொல்லவே மறுத்துவிட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் கும்பிடு. கணக்குச் சொல்லாததால் கடன் தீராது, தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வேண்டுதலும் உண்டு. புதிதாகக் குழுவுக்கு வந்தவர்கள் சிலர் ஒன்றும் போடாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறீர்கள். பாதி வெண்பாவாக இருந்தாலும் போடுங்கள். எதுகை மட்டும் அமைந்து தளை ஒன்றுகூட அமையாவிட்டாலும் போடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்த சீர் எப்படி வரலாம் என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதித் தருவார், அதற்கு நான் பொறுப்பு. மற்றவர் பாட்டுக்குப் பதில் எழுதவும் தயங்காதீர்கள். இலக்கணம் தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்தச் சொல்லில் உங்கள் மனசு நின்றது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுத விட்டு, அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட என் மாமியாருக்கு இந்த மடலை இன்று இரவு வாசித்துக் காட்டப் போகிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டில் ஓசை எங்கே இடறுகிறது என்று என்னைவிட முன்னால் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். 'இங்க என்னமோ நொண்டுது புள்ள' என்பார், போய்ப் பார்த்தால் அங்கே தளை தட்டியிருக்கும். புத்தகத்தின் முதல் படி அவர் கையில்தான் கொடுத்தேன்.

உங்களுக்கான படிகளை இந்த வாரமே தபாலில் சேர்க்கிறேன். முகவரி மாறியவர்கள் மட்டும் எனக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் திருப்பூர்ச் சகோதரி